முக்கு மாறிவிட்டது: ஆபத்தை அளந்து மனு எழுதும் முறை

சாலைச் சந்திப்பு ஒன்று மாற்றியமைக்கப்பட்ட முதல் வாரத்திலேயே அதை எதிர்த்து மனு எழுதுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. நேற்றுவரை நேராகக் கடந்த இடத்தில் இன்று சிமெண்ட் தடுப்பு நிற்கிறது, வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் அரை கிலோமீட்டர் போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, மருந்துக் கடை முன்னிருந்த பேருந்து நிறுத்தம் வங்கி முன்னே போய்விட்டது என்ற எரிச்சலில் எழுதப்படும் மனுவில் சிரமமும் ஆபத்தும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மனுவைப் படிக்கும் பொறியாளருக்குச் சிரமம் என்பது திட்டமிடும்போதே எதிர்பார்த்த விஷயம். ஆகவே "மக்கள் நாளடைவில் பழகிக்கொள்வார்கள்" என்ற ஒரு வரியில் சிரமத்தோடு சேர்த்து ஆபத்தையும் அவரால் மூடி வைத்துவிட முடிகிறது. குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு முக்கு மாறியிருந்தால், அது உண்மையிலேயே ஆபத்தானதா என்று பார்ப்பது எப்படி, பார்த்ததை எங்கே எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரவில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு, மூடாமல் விட்ட பள்ளம், சாலையில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி, எரியாத சிக்னல் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்றச் சாலைகள் என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100, உடனடி விபத்து அபாயம் என்றால் காவல்துறைக்கு 100 அல்லது 112 என்று அன்றே அழைத்துச் சொல்லிவிட்டு, அழைத்த நேரத்தையும் அவர்கள் தந்த பதிவு எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வாரம் பொறுப்பது நல்லது. ஓட்டுநர்கள் பழகிய பிறகும் எஞ்சி நிற்கும் ஆபத்துதான் வடிவமைப்பின் குறை.

ஏன் மாற்றினார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுதல்

நான்கு சாலைகள் கூடும் ஒரு சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டியோ சேர்ந்தோ பிரிந்தோ செல்லும் புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியலில் கணக்கிடுவார்கள். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் அது 9. நான்கு சாலைகளுக்கான ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. மீடியனில், அதாவது சாலையின் நடுத்திட்டில், இருந்த திறப்பை மூடி, இடப்பக்கம் நுழைந்து இடப்பக்கமே வெளியேறும்படி செய்துவிட்டால் நேருக்கு நேர் வெட்டும் புள்ளிகள் முழுவதும் நீங்கிவிடும். ஆகவே முக்கை அடைத்தவர்கள் காரணமின்றி அடைக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். பார்க்க வேண்டியது வேறொன்று: முக்கில் இருந்த ஆபத்து ஒழிந்துவிட்டதா, இல்லை, முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள யூ-டர்ன் திறப்புக்குக் குடிபெயர்ந்திருக்கிறதா?

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள முக்கை அடைத்தபோது, ஊரார் அனைவரும் அடைத்த இடத்தில் நின்றே பேசிக்கொண்டிருந்தோம். திறப்பு இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அங்கே போனபோதுதான் பேருந்து ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னால் வந்து மறுபடி திரும்புவதையும், அதன் பின்னே வேகமாக வரும் வண்டிகள் மீடியனை ஒட்டிய தடத்திலேயே சட்டென்று பிரேக் போடுவதையும் கண்டேன். ஆகவே அடைத்த முக்கு, இருபுறத்துத் திறப்புகள், அவற்றுக்கு இடையிலுள்ள சாலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடமாகக் கருதிப் பார்வையிட வேண்டும்.

எந்த நேரத்தில் போய் நிற்பது

பகல் 11 மணிக்கு நின்று பார்த்தால் எந்தச் சந்திப்பும் நல்ல சந்திப்பாகவே தோன்றும். நம் மாவட்டத்தின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது: ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்கள், குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள், தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் டெம்போக்கள், காலைத் திருப்பலிக்கும் கோயிலுக்கும் நடக்கும் முதியவர்கள் என்று இருள் பிரியாத நேரத்தில் சாலையில் இருப்போர் பலர். ஆகவே விடியற்காலை ஒரு முறை, பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு மழையில் ஒரு முறை என்று குறைந்தது நான்கு தடவை, தடவைக்கு அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. புதிதாகக் கட்டிய தீவுத்திட்டும் மீடியனும் மழைநீர் வழிந்தோடிய பழைய வாட்டத்தை மறித்திருந்தால் தண்ணீர் இடப்பக்க ஓரத்தில் தேங்கும். தேங்கினால் இருசக்கர வண்டிகள் ஓரத்தை விட்டு நடுத்தடத்துக்கு ஏறிவரும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படம் இதற்கு நல்ல சான்று.

கார்த்திகை பிறந்து தை வரையில் சபரிமலை வண்டிகளும் கன்னியாகுமரி சுற்றுலா வண்டிகளும் சேர்ந்து வரும் காலத்தையும் தவறவிடக் கூடாது. உள்ளூர்க்காரர் பழகிக்கொண்ட முக்கில் வெளியூர்க்காரர் தடுமாறுவார். டி.என். 74, டி.என். 75 பதிவெண் கொண்ட வண்டிகள் எத்தனை தடுமாறுகின்றன, கே.எல். உள்ளிட்ட பிற பதிவெண் கொண்டவை எத்தனை தடுமாறுகின்றன என்று இரு கட்டமாக எண்ணிக்கொண்டால், குறை அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா, சாலையின் வடிவத்திலேயே இருக்கிறதா என்பது ஓரளவு பிடிபடும். வெளியூர் வண்டிகள் மட்டும் தடுமாறினால் பலகை போதவில்லை. இருவருமே தடுமாறினால் வடிவமே சரியில்லை.

அளக்க வேண்டியவை

எல்லாவற்றிலும் முதன்மையானது பார்வைத் தூரம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஆபத்தைக் கண்டு பிரேக் போட்டு நிற்க 30 மீட்டர், 40 கி.மீ. என்றால் 45 மீட்டர், 50 என்றால் 60 மீட்டர், 60 என்றால் 80 மீட்டர், 80 என்றால் 120 மீட்டர் தேவை என்று, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லியிருக்கிறது. ஓட்டுநரின் கண் சாலையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக அந்தக் கணக்கு கொள்கிறது. ஆகவே 1.2 மீட்டர் நீளக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளைச்சாலையில் வண்டி நிற்கும் கோட்டில் சாலையோரமாகக் குனிந்து, கம்பின் நுனி உயரத்தில் கண்ணை வைத்து முதன்மைச் சாலையைப் பாருங்கள். எதிரே ஒருவரை ஓரத்தில் நடக்கச் சொல்லி, அவர் மறையும் இடம்வரை எத்தனை மீட்டர் என்று டேப்பால் அளந்தால், உங்கள் முக்கின் பார்வைத் தூரம் கையில் கிடைத்துவிடும். நம் ஊர்களில் இதை மறைப்பவை பெரும்பாலும் சாலைத் துறை கட்டியவை அல்ல. சாலையை நெருங்கி எழுந்த காம்பவுண்டுச் சுவர், செம்பருத்தி வேலி, முக்கை ஒட்டிய குருசடி (சிலுவை நிறுவிய சிற்றாலயம்), கோயில் வளைவு, திருவிழாவுக்குக் கட்டிப் பிறகு அவிழ்க்க மறந்த அலங்காரம், தலைவர்களின் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் போர்டு ஆகியவையே முன்னே நிற்கும். மாற்றியமைத்தபோது நிறுத்தக்கோடு ஒரு மீட்டர் பின்னுக்குப் போயிருந்தாலும், முன்பு தெரிந்த சாலை இன்று சுவருக்குப் பின்னே போய்விட்டிருக்கும். குருசடியையோ வளைவையோ இடிக்கச் சொல்லி மனுவில் எழுதினால் மனு சாலையை விட்டு வேறு எங்கோ போய்விடும் என்பது என் கருத்து. நிறுத்தக்கோட்டை முன்னே கொண்டுவருவதும் குவிகண்ணாடி வைப்பதும் வேகத்தைக் குறைப்பதும் பகையின்றிச் செய்யக்கூடியவை.

அடுத்தது வேகம். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு மின்கம்பங்களோ மைல்கல்லும் ஒரு தென்னையுமோ போதும், இடைவெளியை மட்டும் அளந்து உறுதி செய்ய வேண்டும். ஒரு வண்டி அவற்றைக் கடக்க ஆகும் நொடிகளைக் கைபேசியில் அளந்து, 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்பது வந்துவிடும். 6 நொடி என்றால் 30, 4.5 நொடி என்றால் 40, 3 நொடி என்றால் 60. முப்பது நாற்பது வண்டிகளை இப்படி அளந்த பட்டியல், "வண்டிகள் அசுர வேகத்தில் பாய்கின்றன" என்ற வாக்கியத்தைக் காட்டிலும் பலமானது. வந்து செல்லும் வேகத்தையும் மேலே அளந்த பார்வைத் தூரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 60 கி.மீ. வேகத்தில் வரும் இடத்தில் 45 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அந்த ஒற்றை வரியே மனுவின் முதல் வரி.

நடப்பவருக்கான கணக்கும் அத்தனை எளியதே. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கொண்டால் 10 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க எட்டு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறத்தாழ 115 மீட்டர் வந்துவிடும். தலையில் மீன்சட்டியோடு வரும் பெண்ணோ, முழங்கால் வலியுள்ள முதியவரோ அந்த வேகத்தில் நடப்பதில்லை. ஆகவே அவர்கள் கடக்கும் நேரத்தை நீங்களே அளந்து எழுதுங்கள். மீடியன் நடுவில் நின்று மூச்சுவிட இடம் இருக்கிறதா, ஜீப்ரா கோடு போட்ட இடத்தில் மீடியனிலும் நடைபாதையிலும் திறப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோடு ஓரிடத்திலும் திறப்பு பத்து மீட்டர் தள்ளியும் இருக்கும் விந்தை நம் ஊரில் அரிதன்று. மக்கள் தடுப்பின் மேல் ஏறிக் குதிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைத் திட்டுவதை விட, கடக்கும் இடம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் குதிப்பு காட்டுகிறது என்று கொள்வதே பயனுள்ளது.

எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளைத் தனியாக எண்ண வேண்டும். திறப்பு தொலைவில் இருந்தால் இருசக்கர வண்டிக்காரர்கள் சாலையோரமாக எதிரே வந்து முக்கில் திரும்பிக்கொள்வார்கள். அதைக் குற்றமென்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் 15 நிமிடத்தில் நாற்பது பேர் அப்படி வருகிறார்கள் என்றால் அந்த வடிவமே அவர்களை அப்படி வரத் தூண்டுகிறது என்றுதான் படித்தறிந்த பொறியாளர் எடுத்துக்கொள்வார்.

நீண்ட வண்டிகள் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். மூலையில் ஒதுங்கி நிற்கும் சைக்கிள்காரர் சிக்குவது அங்கேதான். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றி வரும் நீண்ட டிரெய்லர்கள் போகும் சாலையாக இருந்தால், நடைபாதைக் கல்லின் மூலை உடைந்திருக்கிறதா, அதன்மேல் டயர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறை இருந்தால் வளைவின் ஆரம் போதவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரவு வெளிச்சத்தைப் பற்றி ஒன்று மட்டும். உயர்கோபுர விளக்கு முக்கின் நடுவை நன்றாகக் காட்டும். ஆனால் ஜீப்ரா கோடு அதற்கு அப்பால் முப்பது மீட்டரில் இருந்தால் கடப்பவர் நிழலில் இருப்பார். (விளக்குக் கம்பத்தின் அடியில் பதித்த கல்வெட்டு மட்டும் பளிச்சென்று தெரியும்.) மீடியன் தொடங்கும் முனையில் மஞ்சள்–கறுப்புப் பட்டையும் ஒளிரும் பட்டையும் இருக்கின்றனவா என்பதை இருசக்கர வண்டியின் மங்கலான முகப்பு விளக்கில் பார்த்துச் சொல்லுங்கள்; கார் விளக்கில் பார்த்தால் எல்லாம் ஒளிரும்.

வேகத்தடை கேட்கும் பழக்கம் நமக்கு அதிகம். முறைப்படி அமைக்கும் வட்ட முதுகு வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கி.மீ. அளவில் கடந்து போகும்படி அமைவது அது. ஊரார் சேர்ந்து இரவோடு இரவாக சிமெண்டில் எழுப்பும் குறுகிய திண்டு இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்த பெண்ணைத் தூக்கி எறியும்; அதனால் விபத்து நேர்ந்தால் எழுப்பியவர்களும் பதில் சொல்ல வேண்டிவரும். அதைச் செய்யவே கூடாது.

ரவுண்டானாவாக மாற்றியிருந்தால், ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. நுழைவோர் நின்று வழிவிடுகிறார்களா, அதைச் சொல்லும் தலைகீழ் முக்கோணப் பலகை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சாலை யாருடையது

மனு தவறான மேசைக்குப் போனால் மூன்று மாதம் போய்விடும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்வது தேசிய நெடுஞ்சாலை 66. காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வருவது 944. வடக்கிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்து முடிவது 44. மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். தெருச்சாலைகள் நாகர்கோவில் மாநகராட்சி, அந்தந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றைச் சேரும். இரண்டு உடைமையாளரின் சாலைகள் கூடும் முக்குதான் நம் மாவட்டத்தில் அதிகம். அங்கே ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும் என்பதால், ஒரே மனுவை இரு அலுவலகத்துக்கும் முகவரியிட்டு, "நகல்" என்று அடியில் இரண்டையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். தடுப்புகளை வைத்தது போக்குவரத்துக் காவல்துறை என்றால் அவர்களுக்கும் ஒரு படி.

மனுவில் என்ன எழுதுவது

ஒரு பக்கம் போதும். வியாபாரம் குறைந்தது, ஆட்டோ நிறுத்தம் போனது, சுற்றிவர டீசல் ஆகிறது என்பவை நியாயமான குறைகளே; அவற்றைத் தனி மனுவாக எழுதுங்கள். பாதுகாப்பு மனுவில் அவை ஒரு வரி நுழைந்தாலும் மனு முழுதும் கடைக்காரர்களின் எதிர்ப்பாகப் படிக்கப்பட்டுவிடும். எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன். எண்களை உங்கள் அளவீட்டின்படி மாற்றிக்கொள்ள வேண்டும்:

"மேற்படி சந்திப்பின் மேற்குப் பக்கத் திறப்பில், காலை 8.30 முதல் 9 வரை நாங்கள் அளந்த 40 வண்டிகளில் 26 வண்டிகள் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் வந்தன. அதே இடத்தில் திரும்பும் ஓட்டுநருக்குச் சுவர் மறைப்பதால் 42 மீட்டர் மட்டுமே தெரிகிறது; 50 கி.மீ. வேகத்துக்குத் தேவையானது 60 மீட்டர். இத்துடன் வரைபடமும் நான்கு படங்களும் இணைத்துள்ளோம். திறப்பைக் கிழக்கே நகர்த்தும் வாய்ப்பைத் தொழில்நுட்ப முறையில் ஆராயவும், அதுவரை வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளையும் எச்சரிக்கைப் பலகையையும் அமைக்கவும் வேண்டுகிறோம்."

தீர்வை நீங்களே வரைந்து "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கட்டளையிடாமல், ஆபத்தை உறுதியாகவும் தீர்வை வாய்ப்பாகவும் சொல்வது நல்லது. படங்களில் வண்டி எண்களும் முகங்களும் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். வரைபடத்தில் வடக்கு எது என்று குறிக்க மறக்க வேண்டாம். கையொப்பமிடுவோரில் அந்த முக்கைத் தினமும் கடக்கும் பேருந்து ஓட்டுநர், பள்ளித் தலைமையாசிரியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போன்றோர் ஐந்து பேர் இருந்தாலும் போதும். இருநூறு கையொப்பத்தைவிட அவை எடைமிக்கவை.

எங்கே கொடுப்பது, எப்படித் தொடர்வது

திங்கட்கிழமை தோறும் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆட்சியரே மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்பதாலும், காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியவை அக்குழுவில் ஒன்றாக அமர்வதாலும், "அடுத்த குழுக் கூட்டத்தில் இப்பொருளை வைக்க வேண்டுகிறோம்" என்ற வரியை மனுவில் சேர்ப்பது மிகவும் பயன்படும். ஊராட்சிப் பகுதி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். பேரூராட்சிகள் மிகுந்த மாவட்டம் இது. அங்கே கிராம சபை கிடையாது, மன்ற உறுப்பினர் வழியாகத்தான் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநிலத் துறை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விண்ணப்பியுங்கள். "ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை நடந்திருந்தால் அதன் அறிக்கை, மாற்றத்துக்கு முந்தைய மூன்றாண்டிலும் பிந்தைய மாதங்களிலும் அந்த இடத்தில் பதிவான விபத்துகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். விபத்து எண்ணிக்கையைக் காவல்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து ஐந்தோ, உயிரிழப்பு பத்தோ இருந்தால் அந்த இடம் விபத்துக் கரும்புள்ளி என்ற வரையறைக்குள் வரும். எண்ணிக்கை அதை நெருங்கினால் மனுவில் அதைச் சொல்லுங்கள். உங்கள் முக்கு இன்னும் அந்தக் கணக்கை எட்டவில்லை என்பது நல்ல செய்தியே; மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைத் தேதியும் நேரமும் இட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தால், அந்த நோட்டே அப்போதைக்கு உங்கள் புள்ளிவிவரம்.

சட்டத்தை மனுவில் நீட்டிக் காட்டத் தேவையில்லை என்றாலும் தெரிந்து வைத்திருக்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் வகுத்த தரத்தைப் பின்பற்றத் தவறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொது வழியை மறிக்கும் கட்டுமானம் என்றால் நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்டத்தின் வருவாய்த் துறை அலுவலரிடம் முறையிடும் வழியும் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடைசிப் படியாக இருக்கட்டும். முந்தைய படிகளின் ஒப்புகைச் சீட்டுகள் இல்லாமல் அங்கே போனால், முதலில் அலுவலரிடம் மனு கொடுத்தீர்களா என்ற கேள்விதான் எழும்.

அலுவலர்கள் பார்வையிட வருவதாகச் சொன்னால், பள்ளி விடும் நேரத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். ஊர் திரண்டு நிற்க வேண்டாம். கூட்டம் நின்றாலே வண்டிகள் மெதுவாகப் போகும், பார்க்க வந்தவருக்கு ஆபத்து கண்ணில் படாது. இரண்டு பேர், டேப், கம்பு, நோட்டு போதும். பிறகு ஏதேனும் திருத்தம் செய்யப்பட்டால், அதே 50 மீட்டரில், அதே நேரத்தில், அதே எண்ணிக்கை வண்டிகளை மறுபடி அளந்து, குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும் அந்தப் பட்டியலை அதே அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.